குழாய்க்குப் பின்னால் நின்றவர்

எங்கள் நகராட்சிக் குழாய்க்காரர் கை வைத்தால் பாறாங்கல்லும் தண்ணீர் கக்கும். சரி, இதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. ஆனால் வறண்ட குழாயில் அவர் தண்ணீர் வரவைத்தது நிஜம்.

குடிநீர்த் திட்டத்துக்குக் கொட்டிய பணம் என்னாயிற்று என்று பார்க்கத் தணிக்கை அதிகாரி வந்த நாள் அது. "தண்ணி வரலேன்னா உன் வேலை நிரந்தரம் ஆகாதுப்பா," என்று பொறியாளர் மிரட்டியிருந்தார். பாவம் குழாய்க்காரர், சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குழாயின் மறுமுனையில் புனலைச் செருகி, பீப்பாயிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார்.

அதிகாரி கை கழுவினார், முகம் கழுவினார், செருப்பையும் கழுவினார். குழாய்க்காரருக்கு மூச்சு வாங்கியது. அதற்குள் தெருவே குடத்தோடு ஓடிவந்தது. முதல் ஆள் அவர் மனைவி.

"அடியே, நீயுமா? தள்ளுடி!" என்று சுவருக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டார்.

அதிகாரி திரும்பினார். "பழுது பார்க்கிற ஆளுங்க," என்று பொறியாளர் பல்லிளித்தார். "மத்தபடி இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி கொட்டுது."

மனைவி சுவரைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாள். பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லீங்கய்யா, இது எங்க வீட்டுப் பீப்பா. நேத்து நான் லாரிக்குப் பின்னாடி ஓடிப் பிடிச்ச தண்ணி. இன்னும் ரெண்டு குடம்தான் வரும்."