வயலோரத்தில் சிவப்புக் கல்

சூளகிரி பக்கம் தக்காளி பயிரிட்டுப் பிழைப்பவள் நான். படிப்பு ஐந்தாவது வரைதான். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன்.

போன தை மாதம் என் வயலோரம் ரோட்டை ஒட்டிச் சிவப்புச் சாயம் பூசிய கற்களை நட்டார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சேதி எந்தப் பேப்பரிலும் வராது. ஆனால் செல்போனில் மட்டும், கம்பெனிக்கு நிலம் எடுக்கப் போவதாக ஒரு சேதி சுற்றியது. மறுநாளே நிலத் தரகர் வந்துவிட்டார்.

“இப்பவே எனக்கு எழுதிக் குடுத்துடுக்கா. அப்புறம் கேக்க நாதி இருக்காது.”

பயந்து தலையாட்டிவிட்டேன்.

பத்திரம் எழுதப் போகப் பஸ்ஸுக்கு நின்றபோது, கல் நட்டவர்கள் டீக்கடையில் இருந்தார்கள். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

“குடிதண்ணி பைப்புக்கும்மா. ரோட்டோரமாவே போவுது, உங்க நெலத்துல கை வெக்க மாட்டோம்” என்றார் ஒருவர். வி.ஏ.ஓ.விடமும் போய்க் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். பத்திரம் எழுதப் போகவில்லை.

அன்று சாயங்காலம் மாட்டுப் பாலை ஊற்றப் போனபோது, பால் சொசைட்டிக் கரும்பலகையில் அதை எழுதினேன். தரகர் வந்து அழித்தார்.

“உனக்கு இன்னாத்துக்குக்கா ரிப்போர்ட்டர் வேலை?”

“நீ அழிச்சுக்கோ. நான் தெனம் ரெண்டு வேளை பால் ஊத்த வர்றவ” என்று அவர் எதிரிலேயே மறுபடி எழுதினேன்.

இப்போது எந்தச் சேதி வந்தாலும் உரிய ஆளிடம் நேரில் கேட்டு, சொன்னவர் யாரென்றும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களும் நிறைய; அவர்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெலுங்கில் உரக்கச் சொல்கிறேன். கூச்சமா? அது தரகருக்கு இருக்கட்டும்.