துண்டுக்குள் முடிந்த ஆறாம் வகுப்பு

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டிக்காரர்களின் சங்கம் நடத்திய இலவசப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மண்டிக்கு வரும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் மகமை என்று ஒரு படி மல்லாட்டையை அள்ளித் தனியாகக் குவிப்பார்கள். கோயில் விளக்கு, வெயில் காலத் தண்ணீர்ப் பந்தல், எங்கள் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் குவியலில்தான் நடந்தன. மல்லாட்டை குடியானவனுடையது, புண்ணியம் மட்டும் மண்டிக்காரருக்கு. இதைச் சொன்னால் எனக்கு வாய்த்துடுக்கு என்பார்கள்.

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. பையன்கள் ஊரிலேயே இருந்த ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். பெண்பிள்ளையை விழுப்புரத்துக்கு ரயிலேற்றிப் படிக்க வைக்க யாருக்கு மனசு வரும்? யுத்தம் தொடங்கிய அந்த வருஷம் ஐந்தாவதில் ஒருத்தி இருந்தாள். மண்டிக்கு மூட்டை கொண்டுவரும் ஒரு குடியானவரின் மகள். கணக்கை நான் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, அடுத்த கணக்குக்காக என் முகத்தையே பார்ப்பாள். ஆறாவது திறக்காவிட்டால் களையெடுக்கப் போக வேண்டியதுதான். அவளுக்காகத்தான் சங்கத்துக் கூட்டத்தில் போய் நின்றேன்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்திலிருந்த பெரியவரின் கைமேல் போட்டார். மண்டியில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து அழுத்துவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு லேசாக அசைந்தது. நான் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை.

“முடிஞ்சி போச்சு டீச்சரம்மா. நீங்க கெளம்புங்க,” என்றார் தலைவர்.

“என்னங்க முடிஞ்சுது?”

“இந்த வருசம் தேருக்குப் புது வடம் வாங்கறோம். ஆறாவதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். பொட்டப் புள்ளைங்க படிச்சிக்கினு இன்னா பண்ணப் போவுது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “புள்ளைங்க படிப்பு என்ன மல்லாட்டை மூட்டைங்களா, துண்டைப் போட்டு முடிக்கறதுக்கு?” என்று கேட்டேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு, எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

யுத்தமெல்லாம் முடிந்த பிறகு ஒருவழியாக ஆறாவதைத் திறந்தார்கள். விழாவுக்கு நாயனம் வைத்தார்கள். வாசலில் பதித்த கல்லில் மண்டிக்காரர்கள் பெயர் ஒன்றுவிடாமல் இருந்தது. இன்றைக்கும் ஊரில் அந்தச் சங்கத்தின் தர்மத்தைப் பெருமையாகப் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

திறந்த அதே வாரம் மண்டி வாசலில் என் பழைய ஐந்தாவதுக்காரியைப் பார்த்தேன். இடுப்பில் பெண் குழந்தை. புருஷன் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மண்டி ஆள் மூட்டையைப் பிரித்து ஒரு படி அள்ளிக் குவியலில் போட்டான். மறுபடியும் படியை உள்ளே விட்டான்.

“மகமை ஒரு படிதானேங்க?” என்று அவள் கேட்டாள்.

“இது பொண்ணுங்க ஆறாவதுக்கும்மா. தொறந்துட்டாங்க, தெரியாதா?”

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “எடுத்துக்குங்க,” என்று அவளே மூட்டையின் வாயை அகலமாக விரித்துப் பிடித்தாள்.