ரோமர் போன பிறகு

விசுவமடுவில் ஒன்றரை ஏக்கர் வயலும் ஆறு மாடும் வைத்திருக்கும் கமலாசனியிடம், ரோமர் எந்த ஆண்டில் பிரித்தானியாவை விட்டுப் போனார்கள் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்: நானூற்றுப் பத்து. அவளை இதற்குள் இழுத்துவிட்டவன் தம்பி குகதாசன்.

போர் முடிந்த வருசமே அவன் இங்கிலாந்து போய்விட்டான். கொல்செஸ்டர் என்ற ஊரில் கடை வேலை. அகதியாக இருக்கும்வரை ஊருக்கு வரமுடியாது. குடியுரிமை கிடைத்தால் வரலாம். அதற்கு அந்த நாட்டைப் பற்றி இருபத்துநான்கு கேள்விகள் கேட்பார்கள். குறைந்தது பதினெட்டுச் சரியாக வேண்டும். இரண்டு தரம் எழுதித் தவறிவிட்டான். இரண்டாம் தரம் பதினேழு.

"இங்கிலிஸ் புத்தகத்தைத் திறந்தாலே தலை சுத்துதக்கா. நீங்கள் வாசிச்சுத் தமிழில சொல்லுங்கோ."

கமலாசனிக்கு இங்கிலிஸ் தெரியும். கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். புத்தகத்தின் பக்கங்களை அவன் படமெடுத்து அனுப்புவான். அவனுடைய மத்தியானச் சாப்பாட்டு நேரம் இவளுக்குப் பின்னேரம். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பாடம் சொல்வாள்.

"ரோமர் வந்து தெருப் போட்டவை, மதில் கட்டினவை, கிட்டத்தட்ட நானூறு வருசம் இருந்தவை. பிறகு படை முழுக்கப் போயிட்டுது."

"ஏன் போனவங்கள்?"

"அவையின்ரை வேற இடங்களில சண்டையாம்."

"திரும்பி வந்தவங்களோ?"

"இல்லை."

"அப்ப அங்க இருந்த சனம்?"

கமலாசனி அடுத்த பக்கத்தைத் தேடினாள். அங்கே சாக்சன்காரர் என்ற வேறொரு கூட்டத்தார் படகில் வந்து இறங்கிவிட்டிருந்தார்கள். இடையில் நின்ற சனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "நாளைக்குப் பாப்பம் தம்பி" என்று போனை வைத்துவிட்டாள்.

போர் நெருங்கிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டு செப்டெம்பரில், வெளிநாட்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. போகவேண்டாம் என்று சனம் அலுவலக வாசலில் கூடி நின்றது. போகத்தான் வேண்டியிருக்கிறது என்று நிறுவன அதிகாரி இங்கிலிசில் சொன்னதைக் கமலாசனி தமிழில் சொன்னாள். கூட்டத்திலிருந்து வடிவம்மா வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். காலையில் அலுவலகத்துக்கு இடியப்பம் கொண்டுவருகிறவள். "பிள்ளை, இவை திரும்பி வருவினமோ?"

"ஓம் அம்மா" என்றாள் கமலாசனி.

அதை அதிகாரி சொல்லவில்லை. அந்த 'ஓம்' அவளுடைய சொந்தச் சொல். வாகனங்கள் வரிசையாகப் போயின. அவள் போகவில்லை, சனத்தோடு சனமாக, போர் முடிந்த முள்ளிவாய்க்கால்வரை நடந்தாள். வடிவம்மாவின் மகன் அங்கே செத்துப்போனான் என்று பிறகு கேள்விப்பட்டாள். வடிவம்மா மல்லாவியில் மகளோடு இருப்பதாகவும் கேள்விப்பட்டாள். மல்லாவிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

பாடத்தைப் பாதியில் நிறுத்திய மறுநாள் இதைத் தம்பிக்குச் சொன்னாள். புருசனுக்கும் சொல்லாத கதை.

நாலைந்து நாள் கழித்து ஒரு தேவாலயக் கோபுரத்தின் படத்தை அனுப்பிவிட்டுப் போன் எடுத்தான். "சாக்சன்காரர் காலத்துக் கோபுரமாம். ஆயிரம் வருசம் இருக்கும். ஆனா செங்கல் ரோமரின்ரை. இடிஞ்சு கிடந்ததைப் பொறுக்கிக் கட்டியிருக்கினம். பத்து வருசமா இதாலதான் வேலைக்குப் போறன், ஒருநாளும் நிமிந்து பாக்கேல்லை. இன்னொண்டக்கா, ஊர்ப் பேரில வாற 'செஸ்டர்' ரோமரின்ரை சொல்லாம். ஆமிக் காம்ப் எண்டு அர்த்தமாம்! 'ஸ்ட்ரீட்'டும் அவையின்ரைதான். வீடு, தண்ணி, பாணுக்கு இங்கிலிசில சொல்லுறதெல்லாம் சாக்சன்காரர் கொண்டுவந்தது."

கமலாசனிக்குச் சிரிப்பு வந்தது. குசினி, கதிரை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயன் விட்டுவிட்டுப் போன சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். அவள் சாய்ந்திருந்த சுவரும் அந்தக் கோபுரம் மாதிரித்தான். மீளக் குடியேறிய வருசம், உடைந்த வீட்டுக் குவியலில் முழுசாகக் கிடந்த கற்களை அவளும் புருசனும் பொறுக்கி வைத்துக் கட்டியது.

"அண்டைக்குக் கேட்டியெல்லே, அந்தச் சனம் என்ன ஆனதெண்டு" என்றாள். "எல்லாரும் எங்க போறது? கல்லுப் பொறுக்கின ஆக்களுக்குள்ள அவையும் நிண்டிருப்பினம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி மல்லாவிக்குப் போனாள். வடிவம்மா முற்றத்தில் பயற்றைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். இவளை உடனே அடையாளம் கண்டாள். அன்றைக்குச் சொன்ன 'ஓம்' அதிகாரியுடையதல்ல, தன்னுடையது என்று வாசலிலேயே நின்று கமலாசனி சொல்லி முடித்தாள்.

"நீ இல்லையெண்டு சொல்லியிருந்தா மட்டும் நான் எங்க போயிருப்பன், பிள்ளை?" என்றாள் வடிவம்மா. கொஞ்சநேரம் பயற்றைக் கையால் பரவிவிட்டாள். "ஆனா நான் அதை நம்பினனான். நம்பித்தான் மகனையும் போகவிடாம மறிச்சு வைச்சிருந்தனான். அதையும் நீ தெரிஞ்சிருக்க வேணும்."

வடிவம்மா நகர்ந்து பாயில் இடம்விட்டாள். மகனுடைய பேரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், அவனுக்குப் பிடித்த கறியைச் சொன்னாள். கடைசி பஸ் நேரம்வரை கமலாசனி கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மாதம் ஒருதரம் போகிறாள்.

மூன்றாம் தரம் குகதாசன் தேறிவிட்டான். "ரோமரைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையக்கா!" என்று கத்தினான். கடவுச்சீட்டு வந்து, போன மாசியில், நெல் வெட்டி முடிந்த கிழமை வந்து இறங்கினான். மாடுகள் அவனைக் கண்டு மிரண்டன. கமலாசனி கயிற்றைப் பிடித்து, ஒவ்வொன்றின் பேராகச் சொல்லி, அவனை அவற்றுக்குப் பழக்கினாள்.