நான் சுற்றிக் கொடுத்த காயில்

என் கணவரை மறுபடியும் சிகரெட்டுக்குத் துரத்தியவள் நான்தான். தெரியாமல் நடந்தது பாதி. தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தது மீதி. அந்த மீதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் அவரை அறியாதவர். அவரிடம் போய்ச் சொல்லவும் மாட்டீர்கள். அந்தக் கோழைத்தனத்தையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்!

நான் குமாரபாளையத்துக்காரி. அப்பாவுக்கு எட்டு விசைத்தறி. தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்தால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிப் புணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பதினைந்து வயதில் என் கை வேகத்தைப் பார்க்கப் பக்கத்துத் தறிக்காரர்கள் வந்து நிற்பார்கள். அந்தக் கர்வம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அறுந்த எதையும் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

அவரோ ரயில்வேயில் ஃபிட்டர். தேய்ந்த பாகத்தைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதை மாட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். கல்யாணமாகிச் சூரமங்கலம் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் இதே சண்டை. கைப்பிடி உடைந்த வாணலியிலிருந்து கிழிந்த குடை வரைக்கும்... சிரித்துக்கொண்டே போடும் சண்டை. மனிதர் குணத்தில் தங்கம். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட்!

மலேசியாவில் வேலை பார்க்கும் என் தம்பி, ஒருமுறை லீவில் வந்தபோது, சிகரெட்டுக்குப் பதிலாக ஆவியை இழுக்கும் ஒரு வேப் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான். அப்போது அதற்கு இங்கே தடை வரவில்லை. மேலே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் காயில் என்று விரல் நுனி அளவில் ஓர் உலோகக் கூடு. கூட்டுக்குள் சுருள் கம்பி, கம்பிக்குள் பஞ்சு. தொட்டியில் ஊற்றும் திரவத்தைப் பஞ்சு குடிக்கும், கம்பி சுட்டு ஆவியாக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். பத்துப் பதினைந்து நாளில் பஞ்சு கருகிவிடும். அப்போது புதுக் காயில் மாட்ட வேண்டும்.

அதுவும் நல்லதில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் தெரியும். அதற்காக வாதாட நான் வரவில்லை. அவர் சிகரெட்டை விட்டார்... அதை மட்டும் சொல்கிறேன்.

நாற்பது நாட்கள்! என் வாழ்க்கையிலேயே ருசியான நாட்கள் அவை. தம்பி கொடுத்த திரவம் புதினா வாசம். வீடே புதினாச் சட்னி அரைத்த மாதிரி மணக்கும். நாற்றம் என்று அப்பாவிடம் அண்டாத மகள், அவர் மடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஜங்ஷன் மேம்பாலத்தின் படிகளை அவர் நடுவில் நிற்காமல் ஏறி, மேலே நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினார். சின்னப் பையனைப் போல! அந்தக் கை இப்போதும் என் கண்ணில் ஆடுகிறது.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் ஒரு எவர்சில்வர் தட்டில் அந்தக் கருவியைப் பிரித்துப் போட்டு, இருவரும் தலையோடு தலை முட்டத் துடைப்போம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்து பேசியதில்லை.

தீய்ந்த காயிலைப் பிரித்து மறுபடி கட்டலாம் என்பதைத் தம்பி போனில்தான் சொன்னான்.

"அக்கா, மாமாவைப் புதுசே மாட்டச் சொல்லு. பழசப் பிரிச்சு, கம்பி சுத்திக் கட்டறவங்களும் இருக்காங்க. ஆனா அது பழகுனவங்க வேலை. நீ கைய வெக்காத."

கையை வைக்காதே என்றால் என் கை சும்மா இருக்குமா? அவன் கொடுத்த பெட்டியிலேயே கம்பிச் சுருளும் கொஞ்சம் பஞ்சும் இருந்தன. தீய்ந்த காயில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்புள்ள, தேஞ்சா மாத்தோணும். உங்கூட்டு ஆளுங்க செத்தவனக்கூடப் புணைச்சு எழுப்பி உட்டுருவீங்க!"

"பாருங்க, நான் கட்டுனது எது, கம்பெனியில வந்தது எதுன்னு உங்களால கண்டே புடிக்க முடியாதுங்க."

"கண்டுபுடிச்சுட்டா?"

"ஒரு வாரம் உங்க தலைக்கு எண்ணெ தேச்சு உடறனுங்க."

"அப்ப தோக்கறதுக்குத் தயாரா இரு, சாமி!"

இதுதான் பந்தயம். இவ்வளவு சின்னப் பந்தயம்!

கம்பியைத் தடித்த ஊசியில் ஐந்து சுற்றுச் சுற்றிக் கூட்டுக்குள் இறக்கினேன். முதல் இரண்டும் வீணாயின. ஒன்றில் கம்பி கூட்டில் உரசியது. இன்னொன்றில் பஞ்சைத் திணித்த வேகத்தில் சுருள் கோணிக்கொண்டது. கம்பி வேலை மூன்றாவதில் படிந்துவிட்டது. பஞ்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உதிர்கிறது, பிசிறுகிறது... நூலாகாத பஞ்சைத் தறிக்காரி மகள் மதிப்பாளா?

பூக்கட்டுவதற்காக அப்பா வீட்டிலிருந்து எடுத்து வந்த பாவு நூல் ஒரு கற்றை அலமாரியில் இருந்தது. வெள்ளை வெளேர் என்று இருக்கும். அதில் சில இழைகளைச் சேர்த்து முறுக்கிச் சுருளுக்குள் கோத்தேன். ஒரு பிசிறு இல்லை. அழகென்றால் அப்படியோர் அழகு! கம்பெனிக்காரன் தோற்றான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாவு நூல் கஞ்சி போட்ட நூல். தறியில் உராய்ந்து அறாமல் இருக்க அதைக் கஞ்சியில் தோய்த்து விறைக்க வைப்பார்கள். அது லேசில் ஈரம் குடிக்காது. நெய்த துணியைச் சாயத்துக்கு அனுப்பினால்கூட, முதலில் கஞ்சியைப் போக்கிவிட்டுத்தான் சாயத்தில் நனைப்பார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு என் அறிவு எங்கே போயிற்று? ஜெயிக்கப் போயிருந்தது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாட்டியிருந்த காயில் கருகிவிட்டது என்று சொல்லி, தம்பி கொடுத்த காயில் பாக்கெட்டிலிருந்து புதியது ஒன்றை எடுத்து மாட்டித் தரச் சொன்னார். நான் என்னுடையதை மாட்டினேன். திரவம் ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

"புதுசுதான?"

"புதுசுதானுங்க."

ஆழமாக இழுத்தார். முகம் சுருங்கியது. புதுக் காயில் முதல் இழுப்பில் சரிப்படாது என்று தம்பி சொல்லியிருந்ததை நினைத்தாரோ என்னவோ, இன்னும் ஆழமாக மறுபடி இழுத்தார். திரவம் ஏறாத நூல் காய்ந்தபடி எரிந்திருக்கிறது. கஞ்சி கருகிய நாற்றம் எனக்கே அடித்தது. அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாட்கள் மோரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. இருமல் இரண்டு வாரம் நிற்கவில்லை. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, இந்தக் கருவியை இனித் தொடவே கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் கரகரத்த குரலில் என்னைக் கூப்பிட்டார். புதுசு என்று நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்.

"புதுக் காயிலே இப்படின்னா, இது நம்ம ஒடம்புக்கு ஆகாது புள்ள."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். "அது புதுசு இல்லீங்க, நான் கட்டுனது. நல்லது இன்னும் பாக்கெட்ல இருக்குதுங்க..." இரண்டு வரி. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆமாங்க. இது நமக்கு வேண்டாங்க."

எதற்குப் பயந்தேன்? அடிப்பாரா? கை ஓங்கிய மனிதரே இல்லை. திட்டுவாரா? அதுவும் மாட்டார். சிரிப்பார்! "உங்கூட்டுக் கைவேல" என்று ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். நம்புவீர்களா? ஒரு மனிதரின் நெஞ்சை ஒரு கேலிக்குப் பயந்து விற்றுவிட்டேன்!

அவர் தூங்கும்போது என் காயிலைக் கழற்றிக் குப்பையோடு போட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு... அடுத்த வாரம்... இருமல் நின்ற மறுநாளே வீட்டின் பின்பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மகள் அவர் மடியை விட்டு எழுந்து என் பக்கம் வந்துவிட்டாள். பிறகு அந்தக் கருவிக்கே நாட்டில் தடை வந்தது. இனிச் சொல்லி என்ன என்று மனத்துக்குச் சமாதானம் சொல்ல, எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

இப்போது அவருக்கு நுரையீரல் பாதி வேலை செய்வதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிவிட்டார். கட்டிலிலிருந்து வாசல்வரை நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் விட்டு விட்டுச் சொல்வார்: "எம்பொண்டாட்டி என்னைய உடவெக்கப் படாத பாடு பட்டா. எனக்குத்தான் கொடுத்து வெக்கல." நான் காபி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

போன வாரம் ஒரு மத்தியானம். சாப்பாடு ஊட்டிவிட்டு அவர் வாயைத் துடைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய மன்னிச்சுரு புள்ள. இன்னும் கொஞ்சம் பல்லக் கடிச்சிருந்தா, உன்னைய இந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டேன்."

அப்போதாவது சொன்னேனா? அந்தக் கண்களைப் பார்த்தேன். இருமலுக்கு நடுவில் அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"உடுங்க... நான் எப்பவோ மன்னிச்சுட்டனுங்க" என்றேன்.

அவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.