சூடான இஞ்சின்

மண் பந்தயத்தில் உடைந்த மோட்டார் சைக்கிளுக்குப் பதிலாக, கையிலிருக்கும் காசுக்கு இன்னொன்று தேடி, மகன் என்னை உக்குவளையிலுள்ள ஒரு பட்டறைக்குக் கூட்டி வந்திருந்தான். விலைக்கு நின்ற வண்டியின் இஞ்சினில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

அறுபதுகளில் பந்தயம் ஓடிய என் வாப்பாவும் விலை கேட்குமுன் இப்படித்தான் தொடுவார். லேசில் கிளம்பாத இஞ்சினை முன்பே சூடாக்கி வைத்து ஏமாற்றுவார்களாம்.

ஒரு சாயங்காலம், வஹகோட்டையில் ஒரு விதவை வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். விற்க இருந்த மோட்டார் சைக்கிளை மூடிய சாக்கை விலக்கினால் சக்கரக் கம்பிகளில் சிலந்திவலை. பெட்ரோல் டாங்கி காய்ந்து கிடந்தது. இஞ்சினைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்தார்.

"யாரு ஸ்டார்ட் பண்ணினது?"

"யாரும் இல்லீங்க. அவரு செத்து நாலு மாசம். சாயங்காலம் அவரு ஓட்டப் போற நேரத்துக்குத் தினமும் இப்படித்தான் சுடுது. பாதி விலைக்குக் கொண்டு போயிருங்க."

வாப்பாவிடம் இருந்ததே பாதி விலைதான். வாங்கினார். தினமும் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு அதில் பந்தயத்துக்குப் பழகப் போவார். சாயங்காலச் சூடு அன்றோடு நின்றது.

"உம்மா, வீட்டுல கிடக்கிற மூத்தவாப்பாட வண்டிய வித்தா காசு காணும்தானே?" என்றான் மகன்.

வேண்டாம் என்றேன். வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். தினமும் சுபஹுக்குப் பிறகு கொட்டிலுக்குப் போய் அதன் இஞ்சினில் கை வைக்கிறேன். சுடுகிறது.