பதினேழாவது மான்

சுட்ட இறகின் நாற்றத்தை அறியாதவருக்கு அதை விளக்குவது கடினம். அடுப்பில் தலைமுடி விழுந்து கருகும் நெடிக்கும் மழையில் நனைந்த கோழியின் மணத்துக்கும் நடுவில் எங்கோ நிற்பது அது. ஹனோவருக்குத் தெற்கே, ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் நாங்கள் குடியிருந்த சிறு நகரத்து மூன்றாம் மாடி வீட்டில், ஆண்டுதோறும் செப்டம்பரின் முதல் சனிக்கிழமை மாலை அந்த நாற்றம் தவறாமல் எழும். அம்மாவின் தங்கை வசந்தி, எங்கள் சின்னம்மா, சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, வான்கோழி இறகுகளை அம்புத் தண்டுகளில் ஒட்டி, சூடேற்றிய மெல்லிய கம்பியால் அவற்றின் ஓரங்களை ஒரே அளவாகச் சுட்டெடுப்பார். அம்மா ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, "இதென்னடி, கோழி பொசுக்கின வீடு மாதிரி மணக்குது. கீழ் வீட்டுச் சனம் என்ன நினைக்கும்?" என்பார். கீழ் வீட்டுச் சிறுமி ஆங்க்கேயோ எங்கள் மேசையிலேயே அமர்ந்து இறகுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பாள்.

ஜெர்மனியில் வில்லால் விலங்கை வேட்டையாடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. துப்பாக்கி எடுப்பவரும் கடினமான தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். ஆகவே வில்லில் ஆசை கொண்டவர்கள், அனுமதி பெற்ற ஒரு காட்டுப் பகுதியில், நுரை ரப்பரால் செய்த மான்களையும் பன்றிகளையும் நரிகளையும் மரங்களுக்கிடையே நிறுத்திவைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்துபோய் எய்வார்கள். சின்னம்மாவின் கழகத்தில் இருபத்தெட்டு விலங்குகள் இருந்தன. வேட்டைக்காரர்களின் காவலர் என்று இங்கே கொண்டாடப்படும் புனித ஹூபெர்ட்டுஸின் நாள் நவம்பர் மூன்றாம் திகதி. அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கும். இறகு சுடுவதிலிருந்து அந்த ஞாயிறு வரைக்குமான காலத்தை என் தம்பி குகன் ‘மான் காலம்’ என்று பெயரிட்டிருந்தான். வீட்டில் எல்லோரும் அப்படியே சொன்னோம்.

மான் காலத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் வாரம் இறகு. இரண்டாம் வாரம், வில்லின் நாணுக்குத் தேன்மெழுகு தடவி, விரல் சுடும்வரை தேய்ப்பது. மூன்றாம் வாரம் அம்புகளை மேசையில் உருட்டி, வளைந்தவற்றை ஒதுக்கி, நேரானவற்றில் அவரவர் பெயரெழுத்தை எழுதுவது. பெயரில்லாத அம்புடன் காட்டுக்குள் போக விடமாட்டார்கள். நான் இதையெல்லாம் சுவர் நாட்காட்டியில் சிறு எழுத்தில் குறித்துவைத்தேன். அந்த நாட்காட்டிகள் இன்றும் என்னிடம் இருப்பதால்தான் இவ்வளவு துணிவாக எழுத முடிகிறது.

சின்னம்மா பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவர். முதியோர் இல்லத்தில் ‘அவுஸ்பில்டுங்’ என்ற தொழிற்பயிற்சி செய்து, அங்கேயே பராமரிப்பாளராக வேலை பார்த்தார். ஐந்தடி உயரந்தான். ஆனால் நாள் முழுதும் முதியவர்களைத் தூக்கி இருத்திப் பழகிய கைகளும் தோள்களும் அவருடையவை. உடன் வேலை செய்த ஒரு பெண் ஒருநாள் விளையாட்டாகக் கழகத்துக்கு அழைத்துப்போக, ஆண்களே இழுக்கத் திணறிய ஒரு வில்லைச் சின்னம்மா காது வரை இழுத்து நிறுத்தியதாக அந்தப் பெண்ணே பிறகு எங்களிடம் சொன்னாள்.

அம்மாவுக்கு இதில் வெட்கம். "ஆராவது தமிழ்ப் பெட்டையள் வில்லும் கையுமாத் திரியுதுகளோ?"

"வள்ளிக்காக முருகனே வேடனா வந்தவர்தானே அக்கா."

"வந்தவர் கலியாணம் முடிச்சுக்கொண்டெல்லோ போனவர். நீ ஒவ்வொரு ஞாயிறும் ரப்பர் மானோடை முடிச்சுக்கொண்டு வாறாய்."

சின்னம்மா சிரித்துக்கொண்டே, தன்னோடு காட்டுக்கு எய்ய வரும் எங்கள் மூவருக்கும் கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸைத் தாளில் சுற்றுவார். ஆங்க்கேக்கு மிளகாய் குறைத்த ஒன்று தனியாக இருக்கும்.

எனக்குப் பதினொரு வயதான அந்த ஆண்டு, மான் காலத்தோடு இன்னொரு காத்திருப்பும் சேர்ந்துகொண்டது. சின்னம்மா ஜெர்மன் குடியுரிமைக்கு ‘அன்ட்ராக்’ கொடுத்திருந்தார். விண்ணப்பத்தில் இருந்த ஒரு கேள்வியை அப்பா இரண்டு முறை சத்தமாக வாசித்தார்: தங்கள்மீது காவல்துறை விசாரணை ஏதும் உண்டா? இல்லை என்று சின்னம்மா எழுதினார். அலுவலகம் நேரில் வரச் சொல்லிக் குறித்துக் கொடுத்த நாள், ‘டெர்மின்’, நவம்பர் முதல் வாரத்தில் விழுந்தது. அதையும் நான் நாட்காட்டியில் குறித்தேன், சிவப்பு மையில்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு காலை பனிமூட்டம். போட்டிக்கு முன்பு விலங்குகளை இடம் மாற்றி வைப்பது கழகத்தின் வழக்கம். ஆகவே முந்தைய வாரம் எது எங்கே நின்றது என்பது உதவாது. பதினேழாவது நிலைக்கு வந்தபோது என் குறிப்பின்படி பதினொன்று இருபது. அங்கே ஒரு பெண் மான் என்று பலகை சொன்னது. சின்னம்மா குனிந்து குகனின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் சொல்லாமல் நாங்கள் எய்யக் கூடாது. ஆனால் நான், சிறுவர் நின்று எய்வதற்கென அடித்திருந்த முளையருகே போய் நின்றுவிட்டேன். இரண்டு ஊசியிலை மரங்களுக்கு நடுவே, பனியில், மான் என்னைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. நாணை இழுத்தேன். விட்டேன்.

ரப்பரில் அம்பு பாயும்போது ‘தொப்’பென்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. மான் மேலே எழும்பிப் பாய்ந்து மறைந்தது.

"அக்கா, ரப்பர் மான் ஓடிட்டுது!" என்று கத்தினான் குகன்.

இல்லை. ரப்பர் மான் இருபதடி வலப்புறத்தில், பருத்த மரமொன்றின் பின்னால், தன் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. ஆங்க்கே தன் அம்பை மெதுவாக அம்புக்கூட்டில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

சின்னம்மா என்னை ஏசவில்லை. என் வில்லை வாங்கிக் கீழே வைத்தார். மான் நின்ற இடத்துக்குப் போய், தன் சிவப்புச் சால்வையைக் கிளையில் கட்டி அடையாளம் வைத்தார். பிறகு நால்வரும் பாசியையும் இலைகளையும் கைகளால் துழாவினோம். ஒரு மணி நேரம் தேடியும் அம்பு இல்லை. இல்லாத அம்பு மானின் உடலில் இருக்கலாம் என்பது, ஒருவரும் சொல்லாமலே எங்கள் நால்வருக்கும் விளங்கியது.

ஒன்றரை மணிக்கு எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா, காரின் கதவைத் திறந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார், அந்தக் காட்டு வேட்டைக்காரரிடம் போய்ச் சொல்லப்போவதாகச் சின்னம்மா சொன்னதையும்.

"வேறை ஆரும் கண்டவையோ?"

"இல்லை அத்தான்."

"அப்ப ஏறு. வேட்டைக்காரனிட்டைப் போய்ச் சொன்னால் அவன் பொலிசுக்குச் சொல்லுவான். மூண்டு கிழமையிலை உன்ரை டெர்மின். பத்து வருசம் காத்திருந்தனி. சொல்லாட்டில் ஆருக்குத் தெரியும்?"

"அந்த மானுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இன்னும் எத்தினை பேருக்குத் தெரியோணும் அத்தான்? குத்துப்பட்டு எங்கையாவது கிடந்தால் அது சாக ரண்டு நாள் எடுக்கும்."

அப்பா காரைக் காட்டோரத்து வீட்டுக்கு ஓட்டினார். அந்தக் காட்டின் வேட்டைக் குத்தகை அந்த வீட்டுக்காரரிடம் இருந்தது. வில்லுக் கழகத்தை அவருக்குப் பிடிக்காது என்பது ஊரறிந்த செய்தி. வாசலில் சின்னம்மா என் தோளில் கை வைத்து, "நடந்ததைச் சொல்லு. எய்தது நீதானே. உன்னைப் பாத்துக்கொள்ள வேண்டியது நான், அதை நான் சொல்லுறன்" என்றார்.

கதவைத் திறந்தவர் காலில் வீட்டுச் செருப்பு. உள்ளே ஞாயிற்றுச் சாப்பாட்டின் மணம். நான் சொன்னேன், சின்னம்மாவும் சொன்னார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மான் எப்படிப் பாய்ந்தது என்று மட்டும் கேட்டார்: பின்னங்காலை உதைத்ததா, முதுகு வளைந்ததா, வால்பக்கத்து வெள்ளை தெரிந்ததா? உயரப் பாய்ந்தது, வெள்ளை தெரிந்தது என்றேன். உடனே காலணி மாட்டி, ஃப்ரீடா என்ற குட்டைக்கால் நாயைக் கூட்டிக்கொண்டு எங்களுடன் நடந்தார். மேசையில் அவருடைய சாப்பாடு ஆறியது.

சிவப்புச் சால்வையிலிருந்து நாய் மானின் தடத்தைப் பிடித்துச் சரிவெல்லாம் இழுத்துப் போயிற்று. அவர் பத்தடிக்கொரு தரம் மண்டியிட்டு இலைகளைப் புரட்டிப் பார்த்தார். இரத்தமில்லை, உதிர்ந்த மயிருமில்லை. திரும்பி வந்த வழியில்தான் அவருடைய காலணி பாசிக்கடியில் எதிலோ இடறியது. தரையோடு வழுக்கிப் புதைந்திருந்தது என் அம்பு. அதன் தண்டை விரலால் தடவி, முகர்ந்து, சின்னம்மாவிடம் நீட்டினார். அவர் முகர்ந்து என்னிடம் நீட்டினார். மண்ணும் மரப்பிசினும் மணந்தன. வேறு ஒன்றுமில்லை.

அதோடு முடியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து, நாளும் நேரமும் எழுதி, சின்னம்மாவின் முழுப் பெயரைக் கேட்டார். சின்னம்மா எழுத்தெழுத்தாகச் சொன்னார். அப்பா மறுபக்கம் திரும்பி நின்றார்.

அடுத்த மூன்று வாரமும் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது போலவே இருந்தது; தபால்பெட்டியை யார் திறந்தாலும் அம்மா படிக்கட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். கடிதம் வரவில்லை. டெர்மின் அன்று அலுவலகத்தில் யாரும் மானைப்பற்றிக் கேட்கவில்லை. குடியுரிமைப் பத்திரம் கிடைத்த வாரமே சின்னம்மா ஒரு பெட்டி நிறைய ரோல்ஸுடன் காட்டோரத்து வீட்டுக்குப் போனார். வேட்டைக்காரர் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாராம். ‘பெண் மான். காயமில்லை. தானாக வந்து சொன்னார்.’ கீழே சின்னம்மாவின் பெயர். அதை அவர் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை.

அதன் பிறகு சின்னம்மா ஒரு விதி வைத்தார். எத்தனை அசையாமல் நின்றாலும் உயிருள்ள மானின் காது அசையாமல் இராது என்று அந்த வேட்டைக்காரர்தான் சொல்லியிருந்தார். ஆகவே வில்லைத் தூக்குமுன் ஐந்து எண்ணும்வரை காதைப் பார்க்க வேண்டும். "காதைப் பாருங்கோ" என்பார் எங்களிடம், ஆங்க்கேயிடம் அதையே ஜெர்மனில் "ஓரன்!" என்பார். கழகத்தின் மற்றப் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த அக்டோபரில் என் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து அந்த ஊசியிலை மரங்களைத் தின்றுவிட்டன. பதினேழாவது நிலை இருந்த சரிவில் இப்போது மரக்குற்றிகளும் வானமுந்தான். நின்ற இடத்திலிருந்தே நெடுஞ்சாலை தெரிகிறது. வேட்டைக்காரரும் இல்லை, ஃப்ரீடாவும் இல்லை. கழகம் கீழே அகன்ற இலை மரங்களின் ஓரத்துக்கு இறங்கிவிட்டது. சின்னம்மாவின் தோள் இனி வில் இழுக்க ஏலாதாம். தேநீர்க் குடுவையுடன் கூட வருகிறார்.

சிறுவர் முளையருகே ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக "ஓரன்!" என்று கூவி, ஐந்து எண்ணி, பிறகே எய்தார்கள். என் மகளும் கூவினாள். திரும்பி வந்து, "சின்னம்மம்மா, ரப்பர் மானுக்கு ஏன் காது பாக்கிறது? கேட்டால் எப்பவும் அப்பிடித்தான் எண்டு சொல்லினம்" என்றாள்.

சின்னம்மா குடுவையின் மூடியைத் திருகிப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நடந்ததைச் சொல்லு" என்றார். "எய்தது நீதானே."