ஃபிட் பார்ட்டி

என்னை அடங்காப்பிடாரி என்று சொல்பவர்கள் பென்னலூரில் நிறைய உண்டு. ஆம்பளைகள் குடிக்கிற இடத்துக்குப் புருஷன்கூடவே போய் உட்கார்ந்தவள் என்று இன்றைக்கும் பஸ் ஸ்டாப்பில் பேச்சு. போனேன். இல்லை என்று நான் எவளிடமும் சொல்லவில்லை. ஏன் போனேன் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவர் நிற்கும் மிஷின் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் மெடிக்கல் செக்கப் வரும். ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், ஈசிஜி எடுப்பார்கள். தேதி தெரிந்ததும் மொத்த லைனும் குடியை நிறுத்திவிடும். மாலை போட்ட சாமிகள் தோற்றுப்போவார்கள், ரெண்டு வாரத்துக்கு அவ்வளவு சுத்தம். ‘ஃபிட்’ என்று ரிசல்ட் வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி, விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துக் குடிப்பார்கள். அதற்குப் பேர் ஃபிட் பார்ட்டி.

அந்த ரெண்டு வாரமும் ஷிப்ட் முடிந்தால் நேராக வீட்டுக்கு வருவார். மகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார், பாதியில் அவளிடமே தோற்றுச் சிரிப்பார். நான் என் கம்பெனியில் ஓ.டி. பார்த்துவிட்டு வந்தால் சோறு வடித்து வைத்திருப்பார். வருடத்தில் ரெண்டு வாரம்தான் எனக்குப் புருஷன் இருந்தார். மற்ற நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள்தான் வீட்டில் இருந்தார்.

கேட்டால் கோபம் வரும். “நான் இன்னா டெய்லியா குடிக்கிறேன்? வீக் ஆஃப்ல மட்டும்தான? டாக்டரே ஃபிட்டுன்னு சொல்ட்டாரு. நீ இன்னா டாக்டருக்கு மேல படிச்சுக்கினு வந்துட்டியா?”

நான் பத்தாவதுதான். வாயை மூடிக்கொண்டேன் என்று நினைத்தால் அது தப்பு, அன்றைக்கும் நன்றாகத்தான் சண்டை போட்டேன்.

போன வருடத்து ஃபிட் பார்ட்டி முடிந்து, திங்கள்கிழமை காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். வல்லம் தாண்டுவதற்குள், “நெஞ்சுல மீன் துள்ற மாரி கீது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். அப்படியே சீட்டிலிருந்து சரிந்துவிட்டார். டிரைவர் புண்ணியவான், பஸ்ஸை ஆட்களோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு விட்டார். நான் போய்ச் சேரும்போது வாசலில் அந்தப் பெரிய பஸ் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, அதன் தசையும் பலவீனமாகி இருக்கிறது என்றாள். குடிப்பீங்களா என்று கேட்டாள். “வாரத்துல ஒருநாள்தான் டாக்டர். இப்பதான் கம்பெனி மெடிக்கல்ல ஃபிட்டு” என்றார் இவர். அதற்கு முன்னால் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தீர்கள் என்று கேட்டாள். இவர் ஃபேனைப் பார்த்தார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. “குடிக்காம இருந்ததால பிரஷர் இறங்கியிருக்கும். அத வெச்சு ஃபிட்னு சொல்லியிருப்பாங்க. நீங்க அத குடிக்க பர்மிஷன்னு எடுத்துக்கிட்டீங்க” என்றாள். வாரம் முழுக்கச் சும்மா இருந்தாலும், ஒரே உட்காரலில் அவ்வளவு ஊற்றினால் இதயம் தாங்காது. அடுத்த தடவை தாளம் தப்பினால் பஸ்ஸில் விழுந்து எழுந்த மாதிரி எழுவார் என்று தன்னால் சொல்ல முடியாது. அடியோடு விட்டால் தேறுவதற்கு வழி உண்டு என்றாள். பீர் என்று இவர் மெதுவாக ஆரம்பித்தார். “பீரும் சரக்குதான்” என்று முடித்துவிட்டாள்.

விட்டார். முதல் மாதம் வீட்டில் எரிந்து எரிந்து விழுந்தார். நானும் பதிலுக்கு விழுந்தேன். அப்புறம் மெல்லமெல்லச் சரியானது. படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது.

இந்த வருடம் மெடிக்கல் வந்தது. இவர் எந்த விரதமும் இருக்கத் தேவையில்லாமல் போய்விட்டு வந்தார், ஃபிட் என்று ரிசல்ட்டும் வந்தது. மறுநாளே லைன் சீனியர் வீட்டுக்கு வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், வாய்தான் சரியில்லை. “நீ இல்லாம பார்ட்டியாடே? டாக்டர்மாரு அப்படித்தான் பயங்காட்டுவாவ. ஒரு ரவுண்டு பிராந்தி நெஞ்சுக்கு நல்லதுல்லா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். “அண்ணே, அவரு பஸ்ல வுழுந்தப்போ பிராந்தி இன்னா செஞ்சுக்கினு இருந்துச்சு?” என்று கேட்டேன். டீ வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். “போவலேன்னா லைன்ல எவனும் மூஞ்சி குடுத்துப் பேசமாட்டான். அவசரத்துக்கு ஷிப்டு மாத்தக்கூட ஆளு கெடைக்காது.” அதுவும் நிஜம்தான். எட்டு மணி நேரம் அவர்களோடுதான் நிற்க வேண்டும். ஆனால் அங்கே தனியாகப் போனால் குடித்துவிடுவார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“போலாம். நானும் வரேன்” என்றேன்.

ஊருக்கு வெளியே விற்காமல் கிடக்கும் மனைகளில்தான் பார்ட்டி. எல்லைக்கல்லில் பிரியாணிப் பொட்டலம், வேப்ப மரத்தடியில் தார்ப்பாய். ஸ்கூட்டியை நான்தான் ஓட்டிப்போனேன், பின்னால் இவர், நடுவில் ஒரு தூக்கு மோர். என்னைப் பார்த்ததும் பாட்டில்கள் முதுகுக்குப் பின்னால் போயின.

“தங்கச்சி, நீங்க இங்கல்லாம் வரலாமா?” என்றார் சீனியர்.

“பார்ட்டி எதுக்குண்ணே?”

“மெடிக்கல்ல ஃபிட் ஆனதுக்கு.”

“அப்போ என் வூட்டுக்காரருக்குத்தான் பார்ட்டி. விரதம் இல்லாம ஃபிட் ஆனவரு இங்க அவரு ஒருத்தர்தான்” என்று தார்ப்பாயில் உட்கார்ந்தேன். பிரியாணியைப் பிரித்தார்கள்.

லைனில் இவருக்கு அடுத்த மிஷினில் நிற்பவர் ஒரு பேப்பர் கப்பில் பீரை ஊற்றி இவர் கையில் கொடுத்தார். “குடிண்ணா. அண்ணிக்கு பயந்துக்கினு கீறியா?”

எல்லாரும் சிரித்தார்கள். இவர் கப்பை வாங்கிக்கொண்டார். தட்டிவிட என் கை பரபரத்தது. தட்டிவிட்டால் அடுத்த வாரம் எனக்குத் தெரியாமல் குடிப்பார். கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

இவர் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமாண்டா, பயம்தான்” என்றார். “அவளுக்கு இல்ல. அன்னிக்கு வுழுந்தது நானு. நெஞ்சு நின்னு நின்னு அடிக்கும்போது எம் பொண்ணு மூஞ்சிகூட நெனப்புக்கு வரலடா.”

கப்பை எல்லைக்கல் பக்கம் கவிழ்த்தார். என்னிடம் நீட்டினார். அதே கப்பில் மோர் ஊற்றினேன். யாரும் சிரிக்கவில்லை. சீனியர் மட்டும் தன் கப்பை நீட்டி, “எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க தாயி” என்றார். அவர் அன்றைக்குக் குடிக்காமலா போனார்? குடித்தார்தான். அது அவர் வீட்டுக்காரி பார்க்க வேண்டிய வேலை.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி, புருஷன் மானத்தை வாங்கிவிட்டாளாம் என்று என் காது படவே சொன்னாள். வாங்கினேன், இப்போது என்ன? ரெண்டு வாரப் புருஷன் எனக்குப் போதாது. வருடம் பூராவும் வேண்டும்.